மேசை விளையாட்டுக் கடைக்கு முதன்முறை செல்பவர் எதை எதிர்பார்க்கலாம்?

கேள்வி: கேரம் ரசிகன் (ஸ்கார்பரோ, கனடா)

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடியிலிருந்து நாங்கள் கனடாவுக்குக் குடிவந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. என் மகளுக்கு 13 வயது. பள்ளித் தோழி ஒருத்தி மதிய உணவு இடைவேளையில் சொல்லிக்கொடுத்து, 'மேஜிக்: த கேதரிங்' என்ற அட்டை விளையாட்டில் அவளுக்கு மிகுந்த ஈடுபாடு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலைகளில் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு கடையில் ஆட்டம் நடக்கிறது என்றும், தன்னை அங்கே அழைத்துச் செல்ல வேண்டும் என்றும் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சென்ற சனிக்கிழமை நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முன்பக்கம் முழுவதும் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் தனித்தனி அட்டைகளை அடுக்கி, ஒவ்வொன்றின் மூலையிலும் விலைச்சீட்டு ஒட்டியிருந்தார்கள். ஒன்று 2 டாலர், அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று 180 டாலர். சுவரில் கூரை வரை பெட்டி விளையாட்டுகள். பின்பக்கத்தில் நீண்ட மேசைகளைச் சுற்றி முப்பது பேர் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கல்லாவில் இருந்தவர் அட்டைகளை எண்ணியபடியே எனக்குத் தலையசைத்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் என்னவென்று கேட்கவும் இல்லை. பத்து நிமிடம் நின்றுவிட்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

ஊரில் நான் கேரம் பழகியது எங்கள் தெருவில் இருந்த மன்றத்தில். பலகையைச் சுற்றி நிற்கும் சிறுவனை ஏன் நிற்கிறாய் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. நான்கு நாள் நின்றால் ஐந்தாம் நாள் ஆள் குறையும்போது கூப்பிட்டு உட்காரவைத்துவிடுவார்கள். இங்கே நான் பார்த்தது கடை, ஆனால் கடைக்குள் மன்றம் போல ஒன்று நடக்கிறது. அந்த மேசையருகே நான் எந்த உரிமையில் நிற்பது, என்ன வாங்கினால் உட்காரலாம், ஒன்றுமே வாங்காமல் உட்கார்ந்தால் அது மரியாதைக் குறைவா என்பதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. மேசைகளில் இருந்தவர்களில் பெண்கள் இரண்டு பேர்தான். என் மகளை அங்கே அழைத்துச் செல்லலாமா, அழைத்துச் சென்றால் கடைக்காரரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: கல்லாப்பெட்டி (மிசிசாகா, கனடா)

ஐயா, வணக்கம். இப்படிப்பட்ட ஒரு கடையின் கல்லாவில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். நீங்கள் கேட்ட 'எந்த உரிமையில்' என்பதை வாய்விட்டுக் கேட்காமலேயே திரும்பிப் போனவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

பெரும்பாலான கடைகளில் மேசைக்குக் கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் உட்காரலாம், நின்று பார்க்கலாம், பார்த்துவிட்டுப் போகலாம். ஆனால் கடையின் வாடகை சதுர அடிக் கணக்கில்தான் போகிறது. அந்தச் சதுர அடிகளில் பாதியை மேசைகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. அந்த வாடகையைக் கட்டுவது முன்பக்கத்து வியாபாரம்தான்: பூஸ்டர் எனப்படும் அட்டைப் பாக்கெட்டுகள், அட்டைகளுக்கு மாட்டும் ஸ்லீவ் உறைகள், பெட்டிகள், குளிர்பானம், எல்லாவற்றுக்கும் மேலாக நீங்கள் கண்ணாடிக்குள் பார்த்த தனி அட்டைகள். வாடிக்கையாளர்கள் விற்கும் பழைய அட்டைகளைக் கடை விலைக்கு எடுத்து, அதில் லாபம் வைத்து விற்கிறது. ரொக்கமாகக் கேட்டால் ஒரு விலை தருவார்கள், அந்தப் பணத்துக்குக் கடையிலேயே வேறு பொருள் எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் கூடுதலாகத் தருவார்கள். நீங்கள் போன நேரத்தில் கல்லாக்காரர் எண்ணிக்கொண்டிருந்தது அப்படி யாரோ கொண்டுவந்த அட்டைகளாகத்தான் இருக்கும். அந்த எண்ணிக்கை நடுவில் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால் நாங்கள் தலையை நிமிர்த்த மாட்டோம். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதை வேறு விதமாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். டொராண்டோவில் 2010-ல் தொடங்கிய 'ஸ்னேக்ஸ் அண்ட் லாட்டேஸ்' போன்ற காப்பிக்கடைகளில் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு, அலமாரியில் உள்ள எந்த விளையாட்டையும் எடுத்து ஆட விடுவார்கள். எது உங்களுக்கு ஏற்றது என்று சொல்லி, விதிகளை விளக்கவும் ஆள் உண்டு. குடும்பமாகப் போய் 'கட்டான்', 'டிக்கெட் டு ரைடு' ஆடிப் பார்க்க அது நல்ல இடம். உங்கள் மகள் கேட்பதோ முன்பின் தெரியாதவர்களோடு மோதும் ஆட்டம். அது நீங்கள் போன கடையில்தான் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பல கடைகளில் அன்று 'டிராஃப்ட்' ஆடுவார்கள். ஒரு மேசைக்கு எட்டுப் பேர் உட்காருவார்கள். ஆளுக்கு மூன்று பூஸ்டர். நுழைவுக் கட்டணம் ஏறக்குறைய அந்த மூன்று பாக்கெட்டின் விலையை ஒட்டியே இருக்கும், எடுக்கும் அட்டைகளும் ஆடுபவருக்கே சொந்தம். ஒவ்வொருவரும் முதல் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு, மீதியை இடப்பக்கத்தவரிடம் கொடுக்க வேண்டும். அதே நேரத்தில் வலப்பக்கத்திலிருந்து 13 அட்டைகள் உங்கள் கைக்கு வரும். அதிலிருந்து ஒன்று, பிறகு 12-லிருந்து ஒன்று என்று எல்லாம் தீரும் வரை போகும். இரண்டாம் பாக்கெட் வலப்பக்கமாகச் சுற்றும், மூன்றாவது மறுபடியும் இடப்பக்கம். எட்டுப் பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அந்த இருபது, முப்பது நிமிடங்களில் அட்டைகள் மேசையில் உரசும் ஓசையைத் தவிர வேறு சத்தம் இருக்காது. அதைப் பார்த்துப் புதியவர்கள் மிரண்டுவிடுகிறார்கள். ஆட்டம் தொடங்கியதும் எல்லாரும் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

எடுத்த அட்டைகளிலிருந்து குறைந்தது 40 அட்டை கொண்ட டெக் ஒன்றைக் கட்ட வேண்டும். வழக்கமாக அதில் 17 'லேண்டு' அட்டைகள் இருக்கும். மற்ற அட்டைகளை ஆடுவதற்கான சக்தியைத் தருபவை இவைதான். அவற்றைக் கடையே ஒரு பெட்டியில் வைத்திருக்கும். பிறகு மூன்று சுற்று, சுற்றுக்கு 50 நிமிடம். தோற்றவர் வெளியேற வேண்டியதில்லை. சதுரங்கப் போட்டிகளில் வரும் சுவிஸ் முறைதான் இங்கும்: வென்றவர் வென்றவரோடும், தோற்றவர் தோற்றவரோடும் அடுத்த சுற்றில் மோதுவார்கள். ஆகவே உங்கள் மகள் முதல் சுற்றில் தோற்றால், இரண்டாவதில் தன்னைப் போன்ற ஒருவரையே சந்திக்க வாய்ப்பு அதிகம்.

கடைக்காரரிடம் பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். "என் மகள் புதியவள், இதற்கு முன் டிராஃப்ட் ஆடியதில்லை" என்று கல்லாவில் சொல்லுங்கள், போதும். நல்ல கடை என்றால் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டவுடன் வேலையை நிறுத்திவிட்டு, யார் பக்கத்தில் உட்காரவைக்கலாம் என்று யோசிக்கத் தொடங்குவார்கள். புதியவர்களுக்கு இலவசமாகத் தருவதற்கென்றே சிறிய டெக்குகள் சில கடைகளில் இருப்பதுண்டு. கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

2020 மார்ச்சில் தொற்று காரணமாக எல்லா ஆட்டங்களும் நிறுத்தப்பட்டபோது, எங்கள் மேசைகளை மடித்துச் சுவரோரம் சாய்த்துவைத்தோம். அட்டைகளைத் தபாலில் அனுப்பிப் பிழைப்பை ஓட்ட முடிந்தது. ஆனால் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், ஒன்றும் வாங்க வேண்டியில்லாமல், கதவு வரை வந்து எப்போது மேசை போடுவீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். உங்கள் மன்றத்தைப் பற்றிப் படித்தபோது அவர்தான் நினைவுக்கு வந்தார்.

பதில் 2: தூரிகை (லெஸ்டர், இங்கிலாந்து)

வணக்கம், அண்ணா. நான் ஆடுவது 'வார்ஹாமர்'. சிறு பிளாஸ்டிக் உருவங்களை ஒட்டி, வண்ணம் பூசி, படையாக நிறுத்தி ஆடும் விளையாட்டு. மகளைப் பற்றி நீங்கள் கேட்டதால் ஒரு பெண்ணின் அனுபவமாக இதை எழுதுகிறேன்.

இந்த விளையாட்டை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1978-ல் லண்டன் ஹேமர்ஸ்மித்தில் தன் முதல் கடையைத் திறந்தது. இன்று நாட்டின் பல ஊர்களில் அதன் கடைகள் இருக்கின்றன. பல கடைகளில் ஒரே ஒருவர்தான் திறப்பது, விற்பது, கற்பிப்பது எல்லாம். அங்கே அவர்களுடைய பொருள் மட்டுமே கிடைக்கும். தனியார் கடைகளில் அதே பெட்டிகள் சற்று விலை குறைவாகவும், பக்கத்திலேயே மற்ற நிறுவனங்களின் விளையாட்டுகளும் கிடைக்கும்.

நான் முதலில் போன தனியார் கடையில், அதன் பெயர் வேண்டாம், கணவருக்குப் பரிசு வாங்க வந்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை, எனக்குத்தான் என்றதும், என்னிடம் விலை மலிவான பெட்டியைக் காட்டிவிட்டு அவர் வேறொருவரிடம் பேசப் போய்விட்டார். அதில் வசவு எதுவும் இல்லை. ஆனாலும் ஆறு மாதம் நான் எந்தக் கடைக்கும் போகவில்லை. அந்த ஆறு மாதமும் எனக்கு இழப்புதான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

பிறகு போன கடையில் இருந்தவர் எதையும் விற்க முயலவில்லை. ஒரு சிறு போர்வீரன் உருவத்தையும் தூரிகையையும் கையில் கொடுத்து, உட்காருங்கள் என்றார். முதல் உருவம் இலவசம், பூசி முடித்ததும் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். நான் டப்பாவிலிருந்து நேராக வண்ணத்தைத் தொட்டு அப்பியபோது, உருவத்தின் மார்பில் இருந்த கழுகுச் சின்னத்தின் இறகுக் கோடுகள் எல்லாம் வண்ணத்துக்குள் மூழ்கிப்போயின. அவர் ஒரு ஈரத் துணியால் அதைத் துடைத்தெடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு வண்ணத்தைப் பால் பதத்துக்கு இளக்கி, மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு என்று காட்டினார். கோடுகள் அப்படியே நின்றன. நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். அன்று நான் வாங்கியது ஒரே ஒரு தூரிகைதான். இப்போது என் மாதச் செலவில் ஒரு பங்கு அந்தக் கடைக்குத்தான் போகிறது.

கடையைக் கணிக்க நான் பார்ப்பவை மிகச் சாதாரணமானவை. கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா? ஆட்டம் நடக்கும்போது கடைக்காரர் மேசைகளுக்கிடையே நடந்து வருகிறாரா, கல்லாவிலேயே இருந்துவிடுகிறாரா? நடத்தை விதிகளைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களா, அதை மீறியவரை எப்போதாவது வெளியே அனுப்பியிருக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கடைக்காரரிடமே கேட்கலாம். நீங்கள் பார்த்த அந்த இரண்டு பெண்களிடம் போய் எத்தனை நாளாக வருகிறீர்கள் என்று கேளுங்கள். பல மாதங்களாக வருகிறார்கள் என்றால் அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. காற்றோட்டமில்லாத அறையில் முப்பது பேர் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சுத்தமாக வரும்படி அறிவிப்பு வைக்கும் கடைகள் உண்டு, அதை நான் வரவேற்கிறேன். முதல் சில வாரங்கள் நீங்களும் கூடவே இருங்கள், ஆனால் அவள் தோளுக்குப் பின்னால் நிற்க வேண்டாம்.

பதில் 3: நான்காவது இருக்கை (நியூ ஜெர்சி, அமெரிக்கா)

மேலே இருவரும் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் கல்லாப்பெட்டி அவர்கள் சொன்னதில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. மேசைக்கு வாடகை இல்லை என்பதற்காகக் கடை என்ன செய்தாலும் வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இந்த வட்டத்தில் பரவியிருக்கிறது. அது சரியல்ல. நான் முன்பு போய்க்கொண்டிருந்த ஒரு கடையில், புதிய அட்டைத் தொகுப்பு வெளியாகும் வாரத்தில் முன்பதிவு செய்தவர்களின் பெட்டிகளை ரத்து செய்துவிட்டு, விலை ஏறியதும் அதே பெட்டிகளை அலமாரியில் வைத்தார்கள். நான் சண்டை போடவில்லை. அதோடு போவதை நிறுத்திக்கொண்டேன். விலை கூடுதலாக இருப்பதை மட்டும் வைத்துக் கடையைக் குறை சொல்ல மாட்டேன். போர்டு கேம்களில் பெரும்பகுதி சீனாவில் தயாராவதால், 2025-ல் இங்கே இறக்குமதி வரி உயர்ந்தபோது அந்தச் சுமையைச் சிறு கடைகள்தான் முதலில் உணர்ந்தன. சொன்ன சொல்லைக் காப்பாற்றாதது வேறு.

என் மகனுக்கு 11 வயதில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அவன் போக்கிமான் அட்டைகளை ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தான். கடையில் பெரிய பையன் ஒருவன் அந்தக் கோப்பைப் புரட்டி, சாரிசார்ட் என்ற விலை உயர்ந்த ஓர் அட்டைக்குப் பதிலாகப் பளபளப்பான ஏழு அட்டைகள் தருவதாகச் சொன்னான். ஏழு, ஒன்றைவிடப் பெரிது என்று என் மகன் தலையாட்டிவிட்டான். அட்டை உறையிலிருந்து பாதி வெளியே வந்த நேரத்தில் கடைக்காரர் வந்து கோப்பின் மேல் கையை வைத்து, இரண்டு பக்கத்து அட்டைகளின் விலையையும் தொலைபேசியில் காட்டி, இப்போதும் சம்மதமா என்று கேட்டார். அவன் இல்லை என்றான். இன்று நான் ஐந்து மைல் கூடுதலாக ஓட்டிக்கொண்டு அந்தக் கடைக்குத்தான் போகிறேன். உங்கள் மகளுக்குச் சொல்லிவையுங்கள், ஐயா: முதல் ஆறு மாதம் யாரோடும் அட்டை மாற்றிக்கொள்ள வேண்டாம், மாற்றுவதென்றால் கல்லா அருகில் நின்று மாற்ற வேண்டும். பையைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொள்ளட்டும். எந்த நல்ல கடையிலும் திருட்டு நடக்கும்.

டிராஃப்ட் கடினமாக இருந்தால் 'கமாண்டர்' இரவு உண்டா என்று கேளுங்கள். ஆளுக்கு 100 அட்டை, 40 உயிர்ப்புள்ளிகள், நான்கு பேர் ஒரு மேசையில். தயாராகக் கட்டிய டெக்கைப் பெட்டியோடு வாங்கி அன்றே ஆடலாம். ஆட்டத்துக்கு முன் அவரவர் டெக் எவ்வளவு வலியது என்று பேசிக்கொள்வது வழக்கம். அதற்காகவே 2025-ல் 1 முதல் 5 வரை படிநிலைகளை வகுத்திருக்கிறார்கள். பெட்டியிலிருந்து எடுத்த டெக் என்று அவள் சொன்னால் போதும், மற்ற மூவரும் தங்கள் வலிய டெக்குகளை உள்ளே வைத்துவிட வேண்டும். அப்படி வைக்காத மேசையை விட்டு எழுந்துவிடலாம், தவறில்லை.

கேரம் ரசிகன் மீண்டும் எழுதியது

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று வெள்ளிக்கிழமை அழைத்துச் சென்றேன். கல்லாப்பெட்டி அவர்கள் எழுதித்தந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன். அதே கல்லாக்காரர்தான் இருந்தார். இந்த முறை எண்ணிக்கொண்டிருந்த அட்டைகளின் மேல் ஒரு காகிதத்தை வைத்துவிட்டு எழுந்து வந்து, என் மகளை ஒரு கல்லூரி மாணவிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். சகோதரி சொன்ன கேள்வியை அந்த மாணவியிடம் கேட்டேன். இரண்டு ஆண்டுகளாக வருகிறாளாம்.

மகள் மூன்று சுற்றிலும் தோற்றாள். இரண்டாம் சுற்றில் எதிரே இருந்த நடுத்தர வயதுக்காரர், ஆட்டம் முடிந்ததும் அவளுடைய 40 அட்டைகளையும் மேசையில் எதற்கு எத்தனை லேண்டு வேண்டும் என்ற வரிசைப்படி பரப்பி, ஆறு லேண்டு வேண்டிய அட்டைகளே ஒன்பது இருக்கின்றன, அதனால்தான் முதல் நான்கு முறையும் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தாய் என்று காட்டினார். நான் தூரத்து நாற்காலியில் இருந்தேன், எழுந்து போகவில்லை. காரில் வரும் வழியெல்லாம் அவள் அந்த ஒன்பது அட்டைகளைப் பற்றித்தான் பேசினாள்.

ஆனால் ஏழு மணிக்குத் தொடங்கியது முடியும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. 13 வயதுப் பெண்ணுக்கு வாராவாரம் இது ஒத்துவருமா என்று தயங்குகிறேன். நேற்று எடுத்த அட்டைகளில் ஆட்டத்துக்கு உதவாதவை ஏறக்குறைய இருபது மிஞ்சியிருக்கின்றன. அவற்றை விற்பதா, வைத்திருப்பதா?

கல்லாப்பெட்டியின் பதில்

ஐயா, மிகவும் மகிழ்ச்சி. ஞாயிறு மதியம் டிராஃப்ட் வைக்கும் கடைகள் உங்கள் பக்கத்தில் இருக்கக்கூடும். இந்தக் கடையிலேயே கேட்டுப் பாருங்கள். நான்கு குடும்பங்கள் கேட்டால் அவர்களே தொடங்கிவிடுவார்கள், எங்கள் கடையில் அப்படித்தான் தொடங்கியது. புதிய தொகுப்பு வெளியாவதற்கு முந்தைய வார இறுதியில் நடக்கும் 'பிரிரிலீஸ்' ஆட்டமும் பல கடைகளில் பகலில் நடக்கும். அதில் ஆளுக்கு ஆறு பூஸ்டர் கொடுத்து, அதிலிருந்தே டெக் கட்டச் சொல்வார்கள். எல்லாருக்கும் அட்டைகள் புதியவை என்பதால் அவளுக்கு அது எளிதாக இருக்கும்.

மிஞ்சிய அட்டைகளை விற்றால் சில சென்ட்டுகள்தான் கிடைக்கும். ஒரு காலணிப் பெட்டியில் நிறவாரியாகப் பிரித்துப் போட்டுவைக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் அதிலிருந்தே இரண்டு டெக் கட்டிவிடலாம், ஒன்று அவளுக்கு, ஒன்று உங்களுக்கு.